தலையணைக்குள் சவுக்குப் பூ

12.2.2001, திங்கள். கல்பாக்கம்.

தலையணை உறையைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஒரு சவுக்குக் கொத்து விழுகிறது. பூவோடு! எனக்குச் சுத்தமாக ஆகாத பூ. அதன் மகரந்தம் பட்டு மூச்சிழுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான்.

செய்யூரிலிருந்து வந்திருக்கும் மாமியாரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் அசரவில்லை.

"செங்கல்பட்டு டாக்டரு அதையேதானே ஊசில ரவூண்டு ரவூண்டா ஏத்துறாரு? உடம்பு பழகிக்கும்னு நீதான சொன்ன? சீக்கிரம் பழகட்டும்னு வந்த அன்னிக்கே வெச்சேன்."

அட கடவுளே! அந்தத் துளி ஊசிக்கே டாக்டர் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம்தான் உறைத்தது. அவர் வந்து ஒரு வாரமாகிறது. ஒரு வாரம் அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு தும்மல்கூட இல்லை! இரண்டு வருஷமாகப் போட்ட ஊசி வேலை செய்துவிட்டது!

டாக்டர் எங்கள் இருவரையும் திட்டுவார். திட்டட்டும்.

செய்யூர் வீட்டைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு. கல்யாணமாகி இதுவரை அங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை.

"பங்குனிக்கு நான் அங்க வரேன் அத்தை" என்றேன்.

அவர் முந்தானையை எடுத்தார். இந்த வீட்டில் இன்றைக்கு மூக்கு ஒழுகியது அவருக்கு மட்டும்தான்.