அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் ஒரு பாட்டு

ஜூன் 4
கம்ப்யூட்டருக்குள் குப்பை என்பது பழைய கதை. இப்போது குப்பைக்குள் எங்கோ அப்பாவின் கம்ப்யூட்டர். ஒரே படகு மோட்டார் படத்துக்கு எத்தனை நகல்! எப்போதோ நான் ஒளித்துவைத்த குசுச் சத்தம்கூடப் பத்திரமாக இருக்கிறது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு ஸ்கூலுக்குக் குடுத்துடு டெசி." அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. ஆகஸ்டில் எங்கள் தீவு வழக்கப்படி, துணியை விலக்கி அப்பாவின் கல்லறைக் கல்லைத் திறக்கிறோம். அதுவரை அவர் படம், குரல், பெயர் எதுவும் வீட்டில் கூடாது. சுவரில் படங்கள் முதுகு காட்டிக்கொண்டிருக்கின்றன.

ஜூன் 6
தேர்ஸ்டே தீவிலிருந்து முதல் படகில் ஏனோக்கு மாமா, அம்மாவின் அண்ணன்.

"ஏய் வாலு, எதையும் அழிச்சிடாத! எங்க ஆட்டத்துக்கு உங்கப்பா ஒரு பாட்டு கட்டிக்கிட்டிருந்தாரு. எங்களுக்குத் தெரிஞ்சது மொத ரெண்டு வரிதான். கல் திறக்கிற அன்னிக்கு அதைத்தான் ஆடணும். மிச்சம் அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கும்."

"கேட்டாத்தானே மாமா தெரியும்?"

மாமா அம்மாவைப் பார்த்தார். "பெத்த பொண்ணு அவ மட்டும் கேக்கட்டும். காதுல மாட்டிக்கிட்டு."

அம்மா எழுந்து மீன் கழுவப் போனாள். அதுதான் சம்மதம்.

ஜூன் 7
கிடைத்துவிட்டது. 'பாட்டு', 'பாட்டு புதுசு', 'பாட்டு கடைசி', 'கடைசிக்குக் கடைசி'. ஒவ்வொன்றும் எங்காவது அறுந்துபோகிறது. தகரக் கூரையில் மழை. நாய். இருமல். இருமல்தான் அதிகம்.

கேலி செய்ய ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கா?

ஜூன் 15
துண்டுகளை ஒட்டி முழுப் பாட்டையும் எழுதிவிட்டேன். மாமாவிடம் தாளை நீட்டினால், "தாளு பாடுமாடி? நீ பாடு" என்கிறார். நானா? சர்ச்சில் கழுதை மாதிரி கத்தி, பாட்டுக் குழுவிலிருந்து விரட்டப்பட்டவள் நான்!

ஜூன் 16
ஆட்டக்காரப் பையன்கள் முன்னால் நின்றேன்.

"டெசி, இதுல எங்க சிரிக்கணும்னு சொல்லிட்டுப் பாடு."

"எங்கயும் வேணாம்டா."

பாடினேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

ஜூலை 2
தினமும் பின்வாசலில் நின்று பாடுகிறேன். ஆரம்பித்ததும் அம்மா குழாயை மூடிவிடுகிறாள். கேட்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9
கல்லை மூடியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். அப்பாவின் பெயர் வெயிலில் மின்னியது. ஆடினார்கள். நான் பாடிக் காட்டிய முழுப் பாட்டையும் மாமா பாடினார்.

பந்தலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"இப்பப் போடு."

ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சத்தமாகவே போட்டேன். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரியில் இருமல் வந்து அப்பா நின்றுபோனார்.

அவர் விட்ட இடத்திலிருந்து அம்மா பாடினாள். ஒரு சொல் பிசகாமல், கடைசிவரை.