நான் எண்ணாமல் விட்ட சிவப்பு வண்டி

அன்பு மகள் ஹெர்டிஸுக்கு அப்பா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காற்றில் போன் கோபுரம் சாய்ந்துவிட்டது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மாவைக் காணோம் மகளே.

குட்ரூன் சித்திக்குக் காய்ச்சல் என்று காலையில் ஆட்டிறைச்சி சூப்பை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் கிளம்பினாள். இந்தப் பனிக்காற்றில் வேண்டாம் என்றேன். "ரோட்டு கேட்டுக்குத்தான் நீங்க ராஜா, எனக்கில்ல" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். புயல் நாளில் மலைப்பாதைக் கேட்டிலிருந்து பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் வரிசையாகத்தான் வண்டிகளை விடுவோம், உனக்குத் தெரியும். இங்கே நான் எண்ணிச் சொல்வது அந்தப்பக்கக் கேட்டில் சரியாக வரவேண்டும். எட்டு வரை எண்ணியிருந்தேன். கடைசியாக அம்மாவின் சிவப்பு வண்டி வந்தது. பாழாய்ப்போன கோபம், கையாட்டக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அப்படியே ரேடியோவில் எட்டு என்று சொல்லித் தொலைத்தேன். அங்கேயும் எட்டு வண்டிகள் போய்ச் சேர்ந்தன. எல்லாம் சரி என்று பாதையை மூடிவிட்டார்கள். அக்கா இன்னும் வரவில்லையே என்று சித்தி அந்தக் கேட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. அதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது.

இங்கே நிற்கும் இன்னொரு பனி லாரியை ஓட்டுகிற ஹால்வர் இரண்டு தடவை போய்ப் பாதியில் திரும்பிவிட்டான், கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லையாம். நான் காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். "பேசாம உட்காருய்யா, ஒருத்தரைத் தேடறதே பெரும்பாடு, உன்னையும் சேர்த்துத் தேடணுமா" என்று பிடித்துத் தள்ளினான். இருட்ட இன்னும் ஒரு மணி நேரந்தான். நான் என்ன செய்வேன் சொல். மாப்பிள்ளையோடு சண்டை போட்டாலும் அவர் வாசல் தாண்டும்போது முகத்தைப் பார்த்து அனுப்பு, இந்த ஒன்றையாவது கேள்.

ஹால்வர் மறுபடி புறப்படுகிறான், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதில் என்னையும் ஏற்றிக்கொள்கிறான். கடவுள் உன்னைக் காக்கட்டும். கோபுரம் சரியாகிப் போன் அடித்தால் வேலை நேரமென்றாலும் எடு. பனியில் சிக்கினால் வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறவள் உன் அம்மா, இறங்கியிருக்க மாட்டாள். பயந்தும் இருக்க மாட்டாள், அதுதான் என்னைக் கொல்கிறது. அவர்தானே எண்ணுகிறார், ஒன்று குறைந்தால் உடனே ஆள் வரும் என்று நம்பி உட்கார்ந்திருப்பாள்.

உன் அப்பா,
தோர்கெய்ர்