நான் போகாத கூட்டத்தில் நான் கொடுத்ததாக எழுதப்பட்ட சம்மதம்

அனுப்புநர்:
க. சைனப், பி.காம்., பி.எட்.,
செம்பூர் கிழக்கு, மும்பை.

பெறுநர்:
கம்பெனிகள் பதிவாளர் அவர்கள்,
மும்பை.

பொருள்: தாராவி, கரீம் அண்ட் கோ லெதர் பேக்ஸ் பிரைவேட் லிமிடெட் – என் 1,200 பங்குகள் என் கையெழுத்தின்றி மாற்றப்பட்டமை – கம்பெனியின் புத்தகங்களை வரவழைத்து விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கம்பெனியில் என் தந்தை கரீம் பாட்சா 3,600 பங்குகள் வைத்திருந்தார். 2014இல் அவர் மறைந்தபின், எங்கள் மார்க்க முறைப்படி, தம்பி இஜாஸுக்கு 2,400, எனக்கு 1,200 என உறுப்பினர் பதிவேட்டில் ஏறின. என் பங்கு குறைவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளதை விட்டுத்தர மாட்டேன்.

2. 27.09.2024 வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான் நேரில் வந்து, என் பங்குகள் முழுவதையும் மனமுவந்து தம்பிக்குக் கொடுத்ததாக, கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தில் உள்ளது. அதே நேரத்தில் நான் கோவண்டியில், நான் வேலை பார்க்கும் பள்ளியில், எட்டாம் வகுப்புத் தேர்வு அறையில் நின்றிருந்தேன். பள்ளிப் பதிவேட்டின் நகல் இணைப்பு 1. கூட்ட அறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. பங்கு மாற்றுப் படிவம் எதிலும் நான் கையெழுத்திடவில்லை.

3. இதுபற்றி நான் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்கு இயக்குநர் ஷாகுல் ஹமீது அனுப்பிய பதில் இணைப்பு 2. இதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளும் என் வருகை இவ்வாறே பதிவானது, அப்போது நான் ஆட்சேபிக்கவில்லை என்கிறார். தம்பி, அக்காவான என்னிடம் தொலைபேசியில் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஒம்பது வருசமா நீயேதான ராத்தா ஒன்ன வந்ததா எழுதுன? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

4. இருவர் சொல்வதும் உண்மை. 2015 முதல் 2023 வரை அந்த மினிட்ஸை எழுதியவள் நானே. கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் எழுத வராது. ஆண்டுதோறும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறிப்பும் மினிட்ஸ் புத்தகமும் என் வீட்டுக்கு வரும். வந்தோர் பட்டியலில் ஐந்து உறுப்பினர் பெயரும் இருக்கட்டும் என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, என் பெயரையும் நானே எழுதுவேன். முதல் ஆண்டு கை தயங்கியது. மூன்றாம் ஆண்டு தயங்கவில்லை. கூட்டம் நடக்கும், இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டிய அந்த மேல்மாடி அறையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஏன் எழுதினேன் என்று பலமுறை யோசித்தேன். பட்டியலில் பெயர் இருந்தால் நானும் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டேன். வேறு காரணம் தெரியவில்லை.

5. சென்ற ஆண்டு புத்தகம் என் வீட்டுக்கு வரவில்லை. நேரில் போய் மூன்று முறை கேட்ட பிறகே காட்டினார்கள். எனக்குப் பழகிய அதே வாசகங்கள், வேறொருவர் கையெழுத்தில் இருந்தன.

6. ஆகவே என் தவற்றை நானே எழுத்தில் தருகிறேன். அந்த ஒன்பது ஆண்டுகளும் நான் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டென்றால் விதியுங்கள், ஏற்கிறேன். ஆனால் நான் எழுதிய பொய்யைக் காட்டி, நான் எழுதாத பொய்யை உண்மையாக்க முடியாது. பங்கு என் பெயரில் இருந்தது. அதைக் கொடுக்கும் கை என்னுடையதாகவே இருக்க வேண்டும். குடும்பத்துக்குள் பேசி முடிக்கலாம் என்று ஜமாத்தார் இருவர் வந்து சொன்னார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

7. பதிவேட்டில் என் பெயரை மீண்டும் ஏற்றுவது கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வேலை என்பதை அறிவேன். அங்கும் போகிறேன். தங்களிடம் நான் கோருவது: பத்து ஆண்டு மினிட்ஸ் புத்தகத்தையும், உறுப்பினர் பதிவேட்டையும், என் கையெழுத்து உள்ளதாகச் சொல்லப்படும் மாற்றுப் படிவத்தையும் கம்பெனியிடமிருந்து வரவழைத்துப் பாருங்கள். இனி எனக்கான அறிவிப்பு, இதுவரை போல் தம்பியின் கடை முகவரிக்கல்ல, என் முகவரிக்கு வர உத்தரவிடுங்கள்.

இம்மனுவைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். அந்தப் புத்தகத்தில் எழுதிய ஆங்கிலத்தில் இதைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அந்த இரும்பு ஏணியில் ஏறி நான் வருவேன். வந்தோர் பட்டியலில் என் பெயரை அன்று வேறு யாராவது எழுதட்டும்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
க. சைனப்
உறுப்பினர்

இடம்: மும்பை
நாள்: 13.01.2025