ஒரு முறம் கீரையின் எடை

ரங்கூன், 1936
சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ஜோசபினுக்கு, நான் சுகம். நீயும் நான் இன்னும் பார்க்காத நம் மகளும் சுகந்தானா?

நேற்று எங்கள் அறையில் என் சமையல் முறை. இங்கே கீரையை வீசைக் கணக்கில் நிறுத்து விற்கிறார்கள். நீ முறத்தளவு பார்த்து உப்புப் போடுவாய். நானோ பானையில் குவிந்த பச்சைக் கீரையைப் பார்த்து அள்ளிப் போட்டேன். வெந்ததும் இரண்டு கரண்டிக்குச் சுருங்கிவிட்டது. "உப்பளத்தையே கடைஞ்சிட்டீங்களாண்ணே?" என்றான் கூட இருக்கும் காளை.

பரவைச் சந்தையில் ஒரு முறம் கீரையை நிறுத்து எழுது. சீக்கிரம் எழுது, இருப்புக் கொள்ளவில்லை. தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

பிள்ளை 'இம்புட்டு வளர்ந்துட்டா' என்று எழுதியிருந்தாய். எம்புட்டு? நீ காட்டிய கை காகிதத்தில் தெரியவில்லையே. கண்பட்டுவிடும் என்று உன் அம்மா தடுப்பார், கேட்காதே. அதே தராசில் அவளையும் நிறுத்து எழுது. அந்த எடைக்குக் கீரை வாங்கி, கையில் ஏந்திப் பார்த்துக்கொள்கிறேன்.

மரியராஜ்