மழைத்தண்ணீரும் பேதி உப்பும்

இயேசு மரி சூசை

மன்னார்
1936 மார்கழி 14

என் அன்பான துணைவருக்கு மார்த்தா எழுதும் கடிதம்.

நானும் பிள்ளை றஞ்சிதமும் நல்ல சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் மீன்களைப் பற்றித்தான் பதில் வந்தது. ஆகையால் மீன்களிலிருந்தே தொடங்குகிறேன்.

மழைத்தண்ணீரே சுத்தமானது, கிணற்றுத் தண்ணீர் இனி வேண்டாம், உப்பு எதுவும் சேர்க்கக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். கார்த்திகை மழையில் பீப்பாவில் பிடித்த தண்ணீரால் கண்ணாடித் தொட்டியை முழுவதும் மாற்றினேன். நாலாம் நாள் மஞ்சள் மீன்கள் ஏழும் அடியில் படுத்துவிட்டன. செட்டை ஓரங்கள் கிழிந்து, நிறம் வெளிறிப்போயிற்று. இரண்டு செத்தன. விலாவில் பெரிய கறுப்புப் புள்ளி உள்ளதும் அவற்றில் ஒன்று.

டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் சரிபுதீன் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நம்முடைய வளவுக்குள் இப்போது கால் வைப்பவர் அவர் ஒருவர்தான். “எட்வேட் மாஸ்டர் இதுகளை வங்காலைக் களப்பு உப்புத்தண்ணியிலதானே பிடிச்சவர்?” என்று கேட்டார். அவை நல்ல தண்ணீருக்குப் பழகி ஒரு வருடமாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதை அவருக்குச் சொன்னேன். “எங்கட கிணத்துத் தண்ணியிலயே உப்பும் சுண்ணாம்பும் கிடக்கு, தங்கச்சி. மழைத்தண்ணியில ஒண்டும் இல்லை. இதுகள் என்னத்தில உயிர் பிடிக்கிறது?” என்றார். பேதி உப்பு ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு மேசைக்கரண்டியும் சமையல் உப்பு ஒரு கைப்பிடியும் கரைத்து, மூன்று நாளாகப் பிரித்து ஊற்றச் சொன்னார்.

ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். உங்களுக்கு எழுதிப் பதில் வரப் பத்து நாளாகும். அதுவரை அவை உயிரோடு கிடவா. ஆகவே ஊற்றிவிட்டேன். இரண்டாம் நாள் ஒன்று மேலே வந்தது. இப்போது ஐந்தும் இரை எடுக்கின்றன. ஒரு சோடி ஓட்டுத்துண்டில் முட்டையிட்டிருக்கிறது. ஒன்று இரைக்குப் போனால் மற்றது நின்று செட்டையால் விசிறுகிறது. இதில் எது அப்பா என்று றஞ்சிதம் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சனிட்டறி இன்ஸ்பெக்டர் திரும்பவும் வந்து அவளுடைய கை, கால், முதுகு எல்லாம் பார்த்தார். ஒரு தேமலும் இல்லை என்று எழுதித் தந்தார். எனக்கும் இல்லை. கடதாசியைப் பள்ளிக்கூடத்தில் காட்டினேன். ஆனாலும் அவளைக் கடைசி வாங்கில் தனியாகத்தான் இருத்துகிறார்கள். அடுத்த வீட்டு மனோன்மணி நம்முடைய கிணற்றுக்கு வருவதில்லை. “குட்டம் வந்த வீட்டுத் தண்ணி எங்களுக்கு வேண்டாம்” என்று வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

போன சனிக்கிழமை என் அண்ணன் பேதுரு ஓலைத்தொடுவாயிலிருந்து மாட்டுவண்டியோடு வந்தார். நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். எங்கள் இருவரையும் அவர் தன்னோடு கூட்டிப் போகவேண்டும், நீங்கள் செத்துவிட்டதாக நினைத்து நான் பிள்ளையை வளர்க்கவேண்டும் என்று இருந்தது. இரண்டுதரம் வாசித்தேன். பிறகு அண்ணனுக்குச் சோறு போட்டேன். “சாமானுகளைக் கட்டன், பொழுது போகுது” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வரவில்லை என்றேன். வெறும் வண்டியோடு கோபித்துக்கொண்டு போனார். இப்படி ஒரு கடிதம் இனி யாருக்கும் எழுதவேண்டாம்.

அந்தக் கடிதமும் எனக்குக் கடைசியாக வந்ததும் வேறொருவருடைய கையெழுத்து. உங்கள் விரல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. சுடுபாத்திரங்களைத் துணி இல்லாமல் தூக்கவேண்டாம்.

சுவாமியார் மூலம் உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டரிடம் கேட்டிருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு மனைவிமார் வந்து பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. தை மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் கொழும்பு ரயிலில் ஏறுவேன். றஞ்சிதத்தைச் சரிபுதீன் நானாவின் பெண்சாதி பரீனா பார்த்துக்கொள்வா. வரவேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும் வருவேன். நீங்கள் வெளியே வராவிட்டால், பின்னேர ரயில் நேரம் வரைக்கும் வாசலில் இருந்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த மாதமும் வருவேன்.

மடு மாதாவின் அடைக்கலத்தில் உங்களை ஒப்புக்கொடுக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வெளியே வரும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வரவேண்டாம்.

உங்கள் மனைவி
மார்த்தா