பிடியரிசிக் கஞ்சி

கோவில்பதாகை,
14.8.1988

அன்பான அம்மாவுக்கு, கர்த்தருக்குள் ஆசீர் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்படாதீர்கள். சபையிலிருந்து ஞானம்மாள் அக்கா ஆறு நாளும் அறைக்கே கஞ்சி கொண்டுவந்தார்.

"ஏன்க்கா உங்களுக்குச் சிரமம்?" என்றேன்.

"இன்னாபா நீ, இது எங்க ஊட்டு அரிசியா? சர்ச்சுல எல்லாரும் குட்த்த பிடியரிசிபா!"

கிண்ணத்தைப் பார்த்தேன். பச்சரிசி குழைந்திருந்தது, ரேஷன் அரிசி விறைத்து நின்றது. எனக்கு முகம்கூடத் தெரியாத நாற்பது வீட்டார், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள். திருவிருந்து அப்பத்தைப்போல, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் சாப்பிட்டேன் அம்மா. நீங்களும் எடுத்து வைப்பீர்களே, அது யார் வயிற்றுக்குப் போகிறதென்று நான் கேட்டதே இல்லை.

மெஸ்ஸை விட்டுவிட்டேன், இனி நானே சமைப்பேன். பிடியரிசி போட நீங்கள் தைத்த துணிப்பை ஒன்று அனுப்புங்கள். ஒற்றை ஆளுக்கு எத்தனை பிடி அரிசி போடவேண்டும் என்றும் எழுதுங்கள். அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஆசீர்