அவர் ஆண்டவரிடம் பேசினது

நவம்பர் 14, 1912. வியாழன் இரவு.

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

எங்கள் மகள் எஸ்தர் காய்ச்சலில் போனதிலிருந்து நான் ஜெபிப்பதில்லை. இந்த நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கெல்லாம் உபதேசியார் என் புருஷன்தான். ஆனாலும் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கை கழுவாமல் வேதத்தைத் தொடமாட்டார். பீடத்துக்கு முதுகு காட்டமாட்டார். ஆண்டவர் என்றால் அவருக்குப் பயம் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மழை வலுத்ததால் அவருக்குக் குடையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே நின்றேன். பார்த்தால் அவர் மட்டும் பீடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எஸ்தர் ஒங்ககிட்ட இருக்கா, அது எனக்குத் தெரியும். ஞானம்தான் இன்னும் ஒங்க மேல கோவமா இருக்கா. நீங்க அவ மேல கோவப்படாதீங்க. பெத்தவ இல்லையா?"

ஞானம் என்றது என்னைத்தான். சொல்லிவிட்டு அவர், எதிரில் இருக்கிறவர் பதில் சொல்லட்டும் என்பதுபோல, தலையைக் குனிந்து காத்திருந்தார்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"கோவம் இருக்கு, ஆண்டவரே," என்றேன். "ஆனா வந்துட்டேன்."

 என் ஜெபத்துக்கு அவர்தான் ஆமென் சொன்னார்.